லுக்கீமியா பூனையை மற்ற பூனைகளோடு வைப்பதா, பிரிப்பதா?

பட்டாணி என்ற பூனைக்குட்டிக்கு அப்போது நான்கு மாதம் இருக்கும். ஐப்பசி மழையில் எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மர் அடியில் நின்று கத்திக்கொண்டிருந்தான். துண்டில் சுற்றித் தூக்கி வந்து, மறுநாள் கிளினிக்குக் கொண்டுபோனேன். காலில் ரத்தம் எடுத்து மூன்று சொட்டு கிட்டில் விட்டார்கள். கோவிட் காலத்தில் எல்லாரும் பார்த்துப் பழகிய அதே மாதிரி கிட்தான். பத்து நிமிடத்தில் இரண்டாவது கோடு மங்கலாக எழுந்தது.

"லுக்கீமியா பாசிட்டிவ் மேடம். வீட்ல வேற பூனை இருக்கா?"

மூன்று இருக்கின்றன என்றேன். பூனை லுக்கீமியா என்பது பூனைக்குப் பூனை தொற்றும் ஒரு வைரஸ் நோய், அதனால்தான் அந்தக் கேள்வி.

"அப்போ ரிஸ்க்தான். ஊசி போட்டுடலாம், கஷ்டப்படாது."

கிளினிக்கின் பெயர் வேண்டாம். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் ஒரே ஒரு மங்கல் கோட்டை வைத்துக்கொண்டு உயிரை எடுக்கும் முடிவுக்குப் போகக்கூடாது என்பதை அடுத்த இரண்டு வாரம் படித்தும் நாலு பேரிடம் கேட்டும் தெரிந்துகொண்டேன். அமெரிக்கப் பூனை மருத்துவர்கள் சங்கம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் டெஸ்ட் முடிவை மட்டும் வைத்துக் கருணைக்கொலை செய்யாதீர்கள் என்றே சொல்கிறது. ஆகவே அந்த வழியை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவில்லை. தெருவில் திரும்ப விட்டுவிடுவதையும் சேர்க்கவில்லை. அப்படிச் செய்தால் அவனும் சீக்கிரம் சாவான், தெருப் பூனைகளுக்கும் கொடுத்துவிட்டுச் சாவான்.

மீதி வழிகளைப் பார்ப்பதற்குமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். "பாசிட்டிவ் பூனையை மற்றதோடு வைக்கலாமா?" என்று கேட்கிறவர்களில் இரண்டு வகை உண்டு. என்னைப்போல புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தவர்கள் ஒரு வகை. ஏற்கெனவே வருஷக்கணக்காக ஒரே தட்டில் சாப்பிட்டு ஒன்றையொன்று நக்கிக்கொண்டிருந்த பூனைகளில் ஒன்றுக்குப் பாசிட்டிவ் வந்தவர்கள் இன்னொரு வகை. இரண்டுக்கும் பதில் வேறு. ஒருவருக்குச் சொன்ன பதிலை மற்றவர் எடுத்துக்கொண்டு போவதால்தான் பாதிக் குழப்பம்.

கோடு உண்மையா?

கிட் தேடுவது பி27 என்ற வைரஸ் புரதத்தை. எதிர்ப்புப் பொருளை அல்ல, வைரஸின் துண்டையே தேடுவதால், தாயிடமிருந்து வந்த எதிர்ப்பாற்றலோ தடுப்பூசியோ இதைக் குழப்பாது. எஃப்ஐவி என்பது எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் வேறொரு பூனை வைரஸ். அதன் டெஸ்ட் எதிர்ப்புப் பொருளைத் தேடுவதால் அங்கே அந்தக் குழப்பம் உண்டு. குட்டிகளுக்கு அதில் பாசிட்டிவ் வந்தால் மாதக்கணக்கில் காத்திருந்து மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். லுக்கீமியாவில் அந்தத் தொல்லை இல்லை. வேறு தொல்லை இருக்கிறது.

கணக்கு போட்டுப் பாருங்கள். நூறு பூனையில் ஒன்றுக்குத்தான் உண்மையில் நோய் என்று வைத்துக்கொள்வோம். நூறு டெஸ்டில் ஒன்றைத் தப்பாகப் பாசிட்டிவ் காட்டும் கிட், கேட்பதற்கு நல்ல கிட்தான். ஆனால் அங்கே வரும் இரண்டு பாசிட்டிவில் ஒன்று பொய்! நோய் அரிதாக இருக்க இருக்க, தனிக் கோட்டின் மதிப்பு குறைகிறது. மெலிந்து, ஈறு வெளுத்து, காய்ச்சலோடு வரும் பூனைக்குக் கோடு வந்தால் நம்பலாம். துள்ளிக்கொண்டிருப்பதற்கு வந்தால் இன்னொரு முறை பார்த்தே ஆக வேண்டும்.

உண்மையான பாசிட்டிவாக இருந்தாலும் கதை அத்தோடு முடிவதில்லை. வைரஸ் உள்ளே போன பூனைகளில் சில அதை முழுதாகத் துரத்திவிடுகின்றன. சில, ரத்தத்தில் சில வாரம் ஓடவிட்டு அப்புறம் அடக்கிவிடுகின்றன. வைரஸின் மரபுப் பிரதி மட்டும் செல்லுக்குள் ஒளிந்திருக்கும், எச்சிலில் வராது. இதை அடங்கிய தொற்று என்று சொல்லலாம். கிட்டில் நெகட்டிவ், மரபுப் பிரதியைத் தேடும் பிசிஆர் டெஸ்டில் பாசிட்டிவ் என்று வருவது இவைதான். இவை பொதுவாக மற்றப் பூனைக்குப் பரப்புவதில்லை. ரத்த தானத்துக்கு மட்டும் ஆகாது. எதிர்ப்பாற்றல் நொறுங்கினால் வைரஸ் மறுபடி தலைதூக்கவும் கூடும். மூன்றாவது வகைக்கு அடக்க முடிவதில்லை. எலும்பு மஜ்ஜை வரை போய்விடுகிறது, ஆயுசுக்கும் எச்சிலில் கொட்டிக்கொண்டே இருக்கும். நாம் பயப்பட வேண்டியது இந்த வகையைத்தான்.

முதல் டெஸ்டில் இந்த வகைகளைப் பிரித்தறிய முடியாது. அதே பி27-ஐ லேபில் தேடும் எலைசா டெஸ்ட், பிசிஆர் இரண்டும் எடுத்து, மூன்று நான்கு மாதம் கழித்து மறுபடி கிட் போட்டுப் பார்த்தால்தான் ஓரளவு தெரியும். அதனால் எந்த வழியைத் தேர்ந்தாலும் முதல் மூன்று நான்கு மாதம் பிரித்து வைப்பது தவிர்க்க முடியாது. விவாதமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கலந்து விடுவது

இந்த வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டதே ஒரு பல பூனை வீட்டினால்தான். ஒரே வீட்டுப் பூனைகள் அடுத்தடுத்து நிணநீர்ப் புற்றுநோயில் விழுந்ததைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, கிளாஸ்கோவில் வில்லியம் ஜாரட்டும் கூட இருந்தவர்களும் 1964-இல் வைரஸைக் காட்டினார்கள். எப்படிப் பரவுகிறது என்பதும் அந்த வீட்டிலேயே இருக்கிறது: எச்சில். சண்டை போட்டுக் கடித்துப் பரவுவதைவிட, பாசமாக நக்கிக்கொண்டு பரவுவது அதிகம். எஃப்ஐவி கடிபட்ட காயத்தில் வருவது, அதனால் சண்டை போடாத பூனைகள் எஃப்ஐவியோடு ஒரே வீட்டில் இருந்துவிடலாம். அந்தத் தைரியத்தை லுக்கீமியாவுக்கு எடுத்துக்கொண்டு வரக்கூடாது. இங்கே நட்புதான் ஆபத்து.

எங்கள் மணிக்கு ஏழு வயது. எந்தக் குட்டி வந்தாலும் முன்காலால் கழுத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டு காது உள்பக்கம் வரை நக்கித் தள்ளுவான். குட்டி கண்ணை மூடிக்கொண்டு சொக்கிக் கிடக்கும், அப்புறம் பதிலுக்கு அவன் மூக்கை நக்கும். முன்பெல்லாம் போட்டோ எடுப்பேன். இப்போது அந்தக் காட்சியில் எனக்குத் தெரிவது எச்சில் மட்டும்தான்.

கலப்பதற்குச் சாதகமாக இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று வயது. பிறந்த குட்டிகளுக்குத் தொற்று சுலபமாக ஏறும், வளர வளர எதிர்ப்பு கூடும். ஆனால் கூடும் என்பதற்குப் பிடிக்கவே பிடிக்காது என்று அர்த்தமில்லை. நாள்தோறும் எச்சில் பட்டுக்கொண்டே இருந்தால் பெரிய பூனைக்கும் வரலாம்.

இன்னொன்று தடுப்பூசி. 1985 முதல் அமெரிக்கச் சந்தையில் இருக்கிறது. எட்டு வாரத்துக்கு மேல் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி, ஒரு வருஷம் கழித்து ஒன்று, பாசிட்டிவ் பூனையோடு இருக்கிற வீட்டில் அதற்கப்புறமும் ஆண்டுதோறும். 2007-இல் ஸ்பெயினின் டொன்யானாவில் ஐபீரிய லிங்ஸ் காட்டுப் பூனைகளுக்குள் இந்த நோய் புகுந்து பல செத்தபோது, வைரஸ் ஓடுகிறவற்றைப் பிடித்துப் பிரித்துவிட்டு நெகட்டிவ் ஆனவற்றுக்குத் தடுப்பூசி போட்டார்கள். பிரிப்பதையும் ஊசியையும் சேர்த்தே செய்தார்கள், கவனியுங்கள். ஊசியை மட்டும் நம்பிக் கலந்துவிடவில்லை. இந்த ஊசி நூற்றுக்கு நூறு காக்காது. ஏற்கெனவே தொற்றியிருந்தால் பயனே இல்லை, அதனால் போடுவதற்குமுன் டெஸ்ட் எடுக்க வேண்டும்.

நம் ஊரில் இதிலும் ஒரு சிக்கல். கிளினிக்கில் "மூணு நோய்க்கும் போட்டாச்சு" என்று கார்டில் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுப்பார்களே, அந்த மூன்றில் லுக்கீமியா இல்லை. பேன்லுக்கோபீனியா, கேலிசி, ஹெர்பிஸ் என்பவையே அந்த மூன்று. 'லுக்கோ' என்ற சத்தத்தைக் கேட்டுவிட்டு "எங்க பூனைக்கு லுக்கீமியா ஊசி போட்டாச்சு" என்று நிம்மதியாக இருப்பவர்கள் பலர். நானும் இருந்தேன். லுக்கீமியாவுக்கானது தனி ஊசி, பெயர் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். கிடைக்கவில்லையென்றால் 'ஊசி போட்டுக் கலக்கலாம்' என்ற வழியே உங்களுக்கு இல்லை.

ஆக, புதிதாக வந்த பாசிட்டிவை, அதிலும் இளம் பூனைகள் இருக்கும் வீட்டில், கலந்து விடுவது சரியில்லை என்பது என் முடிவு. எங்கள் வீட்டில் குண்டுவுக்கு ஒன்றரை வயதுதான். அவளை வைத்துச் சூதாட எனக்கு மனமில்லை.

ஆனால் கும்பகோணத்தில் என் அத்தை மகள் வீட்டு விஷயம் வேறு. எட்டு வயதும் ஒன்பது வயதுமாக இரண்டு பூனைகள், ஆறு வருஷமாக ஒரே பாயில் படுக்கை. பெரியதுக்குப் பல்லில் தொல்லை வந்து டெஸ்ட் எடுத்தபோது பாசிட்டிவ், மறு டெஸ்டிலும் பாசிட்டிவ். சின்னது இரண்டு முறையும் நெகட்டிவ். "இப்ப பிரிச்சு என்னக்கா ஆகப்போவுது?" என்று போனில் அழுதாள். அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. சின்னதுக்கு வர வேண்டியிருந்தால் அந்த ஆறு வருஷத்தில் வருவதற்கு எத்தனையோ வாய்ப்பு இருந்தது. புத்தகப்படி அங்கேயும் பிரிப்பதே மேல், எதிர்ப்பு என்பது ஆயுசுக்கும் எழுதிக் கொடுத்த பத்திரம் இல்லைதான். ஆனால் பிரித்தால் இரண்டும் சாப்பாட்டை விட்டுவிடும் என்பது கண்ணுக்கு முன்னால் தெரிந்த ஆபத்து. மன உளைச்சலும் எதிர்ப்பாற்றலைத் தின்னும். பிரிக்க வேண்டாம், தட்டை மட்டும் தனியாக்கு, வருஷத்துக்கொரு முறை சின்னதுக்கு டெஸ்ட் எடு, இனி ஒரு பூனையும் அந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்றேன். அந்தக் கடைசி நிபந்தனையில் நான் விட்டுக்கொடுக்கவே இல்லை, அவள் இளகிய மனசுக்காரி என்பதால்.

கதவு

பிரித்து வைப்பது என்றால் கேட்க எளிது. ஒரு அறை, ஒரு கதவு. வைரஸும் ஒத்துழைக்கிறது. உடம்புக்கு வெளியே காய்ந்த இடத்தில் நிமிடங்கள், மிஞ்சினால் சில மணி நேரம், அவ்வளவுதான் அதன் உயிர். சோப்புத் தண்ணீரிலேயே சாகும். காற்றில் பறந்து அடுத்த அறைக்குப் போவதில்லை. மனிதருக்கோ நாய்க்கோ தொற்றுவதுமில்லை. ஆகவே மருத்துவமனை வார்டு மாதிரி கவச உடை எல்லாம் வேண்டாம். தட்டு, தண்ணீர்க் கிண்ணம், மணல் தட்டு தனி. மற்றப் பூனைகளுக்கு முதலில் சோறு, கடைசியில் பாசிட்டிவுக்கு. வெளியே வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது. எதிர்த் திசையிலும் ஆபத்து உண்டு என்பதைப் பலர் நினைப்பதில்லை. எதிர்ப்பாற்றல் குறைந்த பூனைக்கு மற்றதன் சாதாரணச் சளியே நிமோனியா ஆகலாம். அதனால் மற்றப் பூனைகளில் ஒன்று தும்மினால், பட்டாணி அறைக்குள் போவதற்குமுன்னும் கை கழுவ வேண்டும்.

கம்பி வலைக் கதவு போட்டால் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளுமே என்று நினைத்தேன். இரண்டாம் நாளே மணி வலை ஓட்டை வழியாகப் பட்டாணியின் மூக்கை நக்கப் பார்த்தான். ஒற்றை வலை போதாது. இடையில் ஒரு முழம் விட்டு இரண்டு வலை, இல்லாவிட்டால் கண்ணாடி.

கஷ்டம் வைரஸிடம் இல்லை, வீட்டு மனிதர்களிடம் இருக்கிறது. எங்களுடையது குரோம்பேட்டையில் இரண்டு படுக்கையறை ஃப்ளாட். நாலு பேர், ஒரு வேலைக்கார அக்கா. ஒரு அறையைப் பூனைக்குக் கொடுத்தால் அம்மா ஹாலில் படுக்க வேண்டும். "ஏண்டி, ஒரு ரூம்ல போட்டுப் பூட்டி வைக்கிறதுக்கு அது தெருவுலயே இருந்திருக்கலாமே" என்றார் அம்மா. படுக்க இடம் போன கோபம் மட்டுமில்லை அது. கதவுக்கு அடியில் நீட்டிய ஒரு கறுப்புப் பாதம் நாளெல்லாம் தடவிக்கொண்டே இருந்ததை அவர்தான் அதிகம் பார்த்தார்.

அதனால் முறை வைத்தோம். பகல் பதினொன்று முதல் நாலு வரை மற்ற மூன்றும் எங்கள் அறையில் தூங்கும், அப்போது ஹால் பட்டாணிக்கு. நாலு மணிக்கு அவன் உள்ளே, தரையை ஈரத்துணியால் துடைத்துக் கிண்ணங்களை மாற்றிவிட்டு மற்றவை வெளியே. வைரஸ் தரையில் தங்காது என்பதால் இது செல்லும். அம்மாவுக்கும் ஒரு மடி கிடைத்தது, பூனைக்கும் ஜன்னல் கிடைத்தது. பல பூனை வைத்திருந்து அறை குறைவாக உள்ளவர்களுக்கு முழு அடைப்பைவிட இந்த முறை மேல் என்பேன், வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் கடிகாரம் பார்ப்பவர்களாக இருந்தால்.

எங்கள் வீட்டில் அப்படி இல்லை. மார்கழியில் ஒருநாள், கேஸ் சிலிண்டர் வந்த கூத்தில் இரண்டு கதவும் திறந்திருந்தன. நான் ஆபீஸிலிருந்து வந்து பார்த்தபோது மணி பட்டாணியின் தலையை நக்கிக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக என்று யாருக்கும் தெரியவில்லை. முப்பது நாள் எண்ணிக்கொண்டு கிடந்தேன். அவசரப்பட்டு முன்னாலேயே டெஸ்ட் எடுத்தால் வரும் நெகட்டிவுக்கு மதிப்பில்லை. ஒரு மாதம் கழித்து நெகட்டிவ், மூன்று மாதம் கழித்து மறுபடி நெகட்டிவ். தப்பித்தோம். ஆனால் இதை ஐந்து வருஷம், பத்து வருஷம் இழுக்க எங்களால் முடியாது என்று அன்றே புரிந்தது. பிரித்து வைக்கலாமா என்று கேட்கிறவர்களிடம் இப்போதெல்லாம் நான் அறை எத்தனை என்று கேட்பதில்லை. கதவை யார் யார் திறப்பார்கள் என்று கேட்கிறேன்.

வேறு வீடு

மறு டெஸ்டிலும் பட்டாணிக்குக் கோடு வந்தது, இந்த முறை மங்கலாக இல்லை. பிசிஆரும் பாசிட்டிவ்.

கொடுப்பதென்றால் இரண்டு விதமான வீடுகள் உண்டு. ஏற்கெனவே லுக்கீமியா பூனை இருக்கும் வீடு ஒன்று. பாசிட்டிவும் பாசிட்டிவும் சேர்ந்து இருக்கலாம், பூனைக்குத் துணை கிடைக்கும். ஆனால் ஒன்றுக்கு வரும் சளி, வயிற்றுப்போக்கு மற்றதைக் கடுமையாகத் தாக்கும். இரண்டு நோயாளிகளின் செலவும் ஒரே தலையில் விழும். இன்னொன்று, வேறு பூனையே இல்லாத வீடு. எனக்குப் பிடித்தது இரண்டாவது. பரப்ப ஆளில்லை, கதவு மூட வேண்டாம், முழு கவனமும் அவனுக்கே.

கொடுக்கும்போது மறைக்கக்கூடாது. பாசிட்டிவ் என்று தெரிந்த பிறகு பொதுவாகச் சொல்லப்படும் இடைநிலை ஆயுள் சுமார் இரண்டரை வருஷம். வைரஸ் அளவு குறைவாக உள்ளவை அதைத் தாண்டிப் பல வருஷம் நன்றாக இருப்பதும் உண்டு, இளம் வயதில் தொற்றியவை சீக்கிரம் சரிவதும் உண்டு. ரத்தசோகை, புற்றுநோய், ஆறாத வாய்ப்புண் எது வேண்டுமானாலும் வரலாம். ஆறு மாதத்துக்கொரு முறை டாக்டரிடம் காட்ட வேண்டும், கருத்தடை செய்திருக்க வேண்டும், வெளியே விடவே கூடாது, பச்சை இறைச்சி கூடாது. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதினேன். படித்துவிட்டு மூன்று பேர் பின்வாங்கினார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை.

நான்காவதாக வந்தவர் தாம்பரம் பக்கம் ரிட்டயர்டான ஒரு டீச்சரம்மா. வீட்டுக்காரரும் அவரும் மட்டும்தான், மாடியில் ஜன்னலெல்லாம் கொசுவலை. தாளை இரண்டு தடவை படித்தார். உடம்புக்கு முடியாமல் போனால் எந்த நேரத்திலும் கூப்பிடுங்கள், திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அதற்குப் பதில் சொல்லாமல், கூடைக்குள் கையை விட்டுப் பட்டாணியின் தாடையைச் சொறிந்துகொண்டே கேட்டார்:

"மீன் குடுக்கலாம்ல?"

வேகவெச்சு, முள்ளெடுத்துட்டுக் குடுங்க டீச்சர் என்றேன்.